படிப்பும் மலையும் கேட்கும் பிள்ளைக்கு: அமெரிக்கச் சிற்றூர் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் வழி

வீட்டில் பதினோராம் வகுப்புப் பிள்ளை. கையில் எப்போதும் புத்தகம் இருக்கும். சனிக்கிழமை விடிந்தால் மலையேறப் போக வேண்டும் என்று நிற்கும். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. ஐம்பதாயிரம் பேர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமல் போய்விடுமோ என்று பெற்றோருக்குக் கவலை. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கவலை அடிக்கடி காதில் விழுகிறது. ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைக்கென்றே அமைந்தாற்போல இருக்கும் சிற்றூர் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பேச்சிலேயே வருவதில்லை. வில்லியம்ஸ், போடின், கார்ல்டன், விட்மன் என்று சொன்னால் உறவினர்களில் பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இவை பெரும்பாலும் 1,500 முதல் 2,800 பேர் வரை படிக்கும், பல துறைகளையும் பரவலாகக் கற்பிக்கும் நான்காண்டு இளங்கலைக் கல்லூரிகள். முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாததால் ஆய்வகத்தில் பேராசிரியருக்குத் துணையாக நிற்கப்போவது உங்கள் பிள்ளைதான். முதலாண்டுப் பாடத்தைக்கூடப் பேராசிரியரே எடுப்பார். மாணவர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், பிற்காலத்தில் முனைவர் பட்டம் பெறுவோர் விகிதத்தில் கார்ல்டன், கிரின்னெல் போன்ற கல்லூரிகள் பல பெரிய பல்கலைக்கழகங்களுக்கு முன்னால் நிற்கின்றன.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி மலையடிவாரத்தில் இருப்பதாலேயே பிள்ளை மலையேறிவிடாது. குறுக்கே நிற்பவை மூன்று: நேரம், வண்டி, கல்லூரியின் பணபலம். சிவந்த மேப்பிள் இலைகளின் படத்தை எல்லாக் கல்லூரியும் விளம்பரத்தில் போடும். இந்த மூன்றைப் பற்றி எதுவும் தானாகச் சொல்லாது. நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். பதினோராம் வகுப்பின் ஜனவரியில் தொடங்கினால் அவசரமில்லாமல் செய்து முடிக்கலாம்.

படி 1: எந்த மாதிரி வெளி?

"அவுட்டோர்ஸ் பிடிக்கும்" என்ற பதில் போதாது. பனிச்சறுக்கா, பாறை ஏற்றமா, படகா, பறவை பார்ப்பதா, தோட்ட வேலையா, தனியாக ஒரு மணி நேரம் காட்டுக்குள் நடப்பதா? இதற்குப் பதில் தெரிந்தால் வரைபடத்தில் முக்கால்வாசி இடத்தை அடித்துவிடலாம்.

பனிச்சறுக்கு என்றால் வெர்மான்ட்டின் மிடில்பரி. கல்லூரிக்கே சொந்தமாக ஸ்னோ போல் என்ற சறுக்கு மலை இருக்கிறது. இங்கே ஒவ்வோர் ஆண்டும் சுமார் 100 பேர் செப்டம்பரில் சேராமல் பிப்ரவரியில் சேர்கிறார்கள். நான்காண்டு கழித்து அவர்கள் பட்டமளிப்பு அங்கியோடு அந்த மலையில் சறுக்கி இறங்குவது வழக்கம். நடப்பதும் ஏறுவதும் என்றால் மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ். மாநிலத்திலேயே உயரமான கிரேலாக் மலை பக்கத்தில். கல்லூரியின் சொந்தக் காடான ஹாப்கின்ஸ் வனம் சுமார் 2,600 ஏக்கர். அக்டோபரின் முதல் மூன்று வெள்ளிக்கிழமைகளில் ஏதோ ஒன்றில் காலையில் மணி அடித்து வகுப்புகளை ரத்து செய்து, கல்லூரியே மலைக்குப் போகும். நியூயார்க் மாநிலத்தின் வட கோடியில், கான்டன் என்ற ஊரில் செயின்ட் லாரன்ஸ். அடிரான்டாக் மலைகளின் 46 சிகரங்களிலும் ஒரே வார இறுதியில் மாணவர்களை ஏற்றி நிறுத்த ஆண்டுதோறும் முயல்கிறார்கள். அங்கேயே ஒரு பருவம் முழுக்க ஏரிக்கரைக் கூடாரக் குடிலில் தங்கிப் படிக்கும் திட்டமும் உண்டு.

கடல் வேண்டுமென்றால் மேய்ன் மாநிலம்: பிரன்ஸ்விக்கில் போடின், பார் ஹார்பரில் அகேடியா தேசியப் பூங்காவை ஒட்டி காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக். பின்னது 1969-இல் தொடங்கப்பட்டது. மாணவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். எல்லோருக்கும் ஒரே பட்டம், மனிதச் சூழலியல். வடமேற்கில் வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலாவில் விட்மன். தெற்கே டென்னசியில் 13,000 ஏக்கர் நிலத்துக்கு நடுவே சிவானி. குளிர் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இது நல்ல இடம்.

மலையே இல்லாத கல்லூரிகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். மினசோட்டாவின் நார்த்ஃபீல்டில் கார்ல்டன் கல்லூரியின் ஆர்பொரேட்டம் (காடும் புல்வெளியுமான இயற்கைத் தோட்டம்) 800 ஏக்கருக்கு மேல். விடுதிக் கதவைத் திறந்து நடந்தே உள்ளே போய்விடலாம். வண்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் பெரிய மலையைவிட, செவ்வாய்க்கிழமை மாலை நாற்பது நிமிடம் நடக்கக் கிடைக்கும் சிறிய காடு நான்கு ஆண்டில் அதிகம் பயன்படும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மொத்த மதிப்பெண்ணில் பாதியை நான் இதற்கே கொடுப்பேன்.

படி 2: வாரத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சும்?

ஒரு தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போடுங்கள். நான்கு பாடம் என்றால் வகுப்பு வாரம் 12 மணி நேரம். படிக்கிற பிள்ளை ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மூன்று மணி நேரம் வெளியே உழைக்கும். அது 24 முதல் 36 மணி நேரம். வேதியியல், உயிரியல் எடுத்தால் பிற்பகல் 1 முதல் 4 வரை ஆய்வகம். மேய்னில் டிசம்பர் மாதம் மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இரண்டு ஆய்வகப் பாடங்களை ஒரே பருவத்தில் எடுத்தால் வாரத்தில் இரண்டு நாள் பகல் வெளிச்சத்தைச் சாளரம் வழியாகத்தான் பார்க்க முடியும். முதல் பருவத்தில் ஒரு ஆய்வகப் பாடம் போதும் என்று ஆலோசகரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

கல்லூரியின் ஆண்டு அட்டவணை இதைவிட முக்கியம். வழக்கமான இரு பருவத்தோடு ஜனவரியில் ஒரே ஒரு பாடம் படிக்கும் மாதம் வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. மிடில்பரி, வில்லியம்ஸ், மேய்னின் கோல்பி மூன்றும் இந்த வகை. காலையில் வகுப்பு, பிற்பகலில் பனி. வெளியே போக விரும்பும் பிள்ளைக்கு ஆண்டின் சிறந்த மாதம் இதுதான். கார்ல்டனில் பத்து வாரப் பருவம் மூன்று. பருவத்துக்கு மூன்று பாடம். வேகம் அதிகம், மூன்றாம் வாரமே தேர்வு வந்துவிடும், ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முன்பே முதல் பருவம் முடிந்து ஜனவரி வரை விடுமுறை. வீட்டுக்கு இரண்டு முறை விமானச் சீட்டு எடுக்க வேண்டியதில்லை. கொலராடோ காலேஜில் மூன்றரை வாரத்துக்கு ஒரே பாடம், முடிந்ததும் நான்கரை நாள் இடைவெளி. பாலைவனத்துக்குப் போய்வர அந்த இடைவெளி போதும். அந்தக் கல்லூரி நகரத்துக்குள் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விளையாட்டு அணியில் சேர நினைத்தால் கணக்கு மாறும். கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில் இவை பெரும்பாலும் மூன்றாம் பிரிவு. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆனாலும் பயிற்சி தினமும் மாலை 4 முதல் 6, சனிக்கிழமை போட்டி. அணியும் மலையேற்றமும் ஒரே பருவத்தில் நடக்காது.

படி 3: வண்டி இருக்கிறதா?

முதலாண்டில் பிள்ளையிடம் கார் இருக்காது. ஆகவே மலையேற்றம், முகாம் என்று மாணவர்களை வெளியே அழைத்துப் போகும் அவுட்டிங் கிளப்பின் வேன்தான் கால். கிளப் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லா இடத்திலும் இருக்கும். இவற்றைக் கேளுங்கள்: ஒரு வார இறுதிக்கு எத்தனை பயணம் கிளம்புகிறது, மொத்தம் எத்தனை இருக்கை? பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்காமல் போகிறது? வேன் ஓட்டத் தகுதி பெற்ற மாணவர்கள் எத்தனை பேர்? கூடாரம், தூக்கப்பை, பனிக்காலணி எல்லாம் இலவசமா, நாள் வாடகையா? பயணக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு நிதி உண்டா? முழுநேர ஊழியர் யாராவது இருக்கிறாரா?

கடைசிக் கேள்விக்கு "மாணவர்களே நடத்துகிறார்கள்" என்று பதில் வந்தால் துருவிக் கேளுங்கள். நல்ல தலைவர்கள் நான்கு பேர் பட்டம் வாங்கிப் போனதும் கிளப் படுத்துவிடுவது உண்டு. சம்பளம் வாங்கும் ஓர் இயக்குநர், சொந்தக் கட்டடம், ஆண்டுதோறும் நடக்கும் முதலுதவிப் பயிற்சி மூன்றும் இருந்தால் நிலைத்து நிற்கும். வனப்பகுதி முதலுதவியில் 16 மணி நேரப் பயிற்சி ஆரம்பநிலை; 70 முதல் 80 மணி நேரம் எடுக்கும் அடுத்த நிலைப் பயிற்சியைக் கல்லூரியே பணம் கொடுத்து நடத்துகிறது என்றால் அந்தத் திட்டத்தில் ஆழம் இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளை தானே பயணம் நடத்தும் தலைவராக எத்தனை பருவம் ஆகும் என்றும் விசாரியுங்கள்.

அடுத்தது வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே உள்ள பயணம். பிரன்ஸ்விக்கிலிருந்து பாஸ்டனுக்கு நேரடி ரயில் உண்டு. மிடில்பரிக்கு 2022 முதல் நியூயார்க் ரயில் வருகிறது. நார்த்ஃபீல்டிலிருந்து மினியாபொலிஸ் விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்குள். கான்டனுக்கு அருகிலுள்ள பெரிய நகரம் எல்லைக்கு அப்பால் கனடாவின் ஒட்டாவா. கிரீன் கார்டு இல்லாமல் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைக்குக் கனடா விசா தனியாக வேண்டும் என்பதால் அந்த விமான நிலையத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கனடா எல்லையை ஒட்டிய பகுதிகளில் சாலைச் சோதனை நடப்பதுண்டு. 18 வயதான, குடியுரிமை இல்லாத பிள்ளை குடியேற்ற ஆவணத்தைக் கையிலேயே வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். விட்மனிலிருந்து சியாட்டில் சாலைவழியே நாலு மணி நேரத்துக்கு மேல். நடுவே மலைக் கணவாய், பனிப்புயலில் மூடப்படும். விடுமுறைக்குக் கல்லூரி தானே பேருந்து விடுகிறதா, தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் விடுதியும் சாப்பாட்டுக் கூடமும் திறந்திருக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 4: பாடங்களை எண்ணிப் பாருங்கள்

சிறிய கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு வரக்கூடிய உண்மையான ஆபத்து இங்கேதான். கேட்டலாக்கில், அதாவது கல்லூரியின் பாடப் பட்டியலில், அறுபது பாடம் அச்சாகியிருக்கும். ஒரு பருவத்தில் நடப்பது பதினைந்தாக இருக்கலாம். ஆகவே கேட்டலாக்கைப் படிக்காதீர்கள். பதிவாளர் அலுவலகப் பக்கத்தில் கடந்த ஆறு பருவங்களின் வகுப்பு அட்டவணை இருக்கும். அதைத் திறந்து, பிள்ளை எடுக்க நினைக்கும் துறையின் மேல்நிலைப் பாடங்களை மட்டும் ஒவ்வொரு பருவமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கணிதத்தையே எடுத்துக்கொள்வோம். பள்ளியிலேயே ஏ.பி. கால்குலஸ் பி.சி. என்ற கல்லூரி நிலைப் பாடத்தை முடித்து, மல்டிவேரியபிளும் முடித்த பிள்ளை முதலாண்டிலேயே லீனியர் அல்ஜீப்ராவில் உட்காரும். இரண்டாமாண்டில் ரியல் அனாலிசிஸ், ஆப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா. மூன்றாம் நான்காம் ஆண்டுக்கு என்ன மிஞ்சும்? டோபாலஜி, நம்பர் தியரி, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் இவையெல்லாம் ஆண்டுதோறும் நடக்கின்றனவா, ஓராண்டு விட்டு ஓராண்டா? ஓராண்டு விட்டு என்றால், பிள்ளை ஒரு பருவம் வெளிநாடு போகும் நேரத்தில் அந்தப் பாடம் வந்து போய்விடும். நான்கு பேராசிரியர்கள் உள்ள துறையில் ஒருவர் ஆய்வு விடுப்பில் போனால் கால்வாசித் துறையே இல்லை. எல்லாத் துறையும் சிறிதல்ல. வில்லியம்ஸில் கணிதத் துறை பெரியது. புடாபெஸ்ட் கணிதப் பருவம் போன்ற திட்டங்களில் பல சிறு கல்லூரி மாணவர்கள் இந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கிறார்கள்.

கணினி அறிவியலில் சிக்கல் வேறு மாதிரி. பாடம் இருக்கும், இடம் இருக்காது. "கடந்த பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர்கள் விரும்பிய பாடத்தில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கவில்லை?" என்று துறையில் படிக்கும் மாணவரிடமே கேளுங்கள். கல்லூரியைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

பொறியியல்தான் என்று பிள்ளை உறுதியாக இருந்தால் '3-2' திட்டத்தை நம்பி இறங்க வேண்டாம். மூன்றாண்டு இங்கே, இரண்டாண்டு கொலம்பியா போன்ற பல்கலைக்கழகத்தில் என்று காகிதத்தில் அழகாக இருக்கும். நண்பர்களை விட்டுக் கடைசி ஆண்டில் கிளம்ப மனம் வருவதில்லை. ஐந்தாம் ஆண்டுச் செலவு கூடுதல். இரண்டாம் கல்லூரியில் அதே நிதியுதவி கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. முடிப்பவர்கள் மிகக் குறைவு. அதற்குப் பதில், பொறியியல் துறையைத் தன்னகத்தே வைத்திருக்கும் பென்சில்வேனியாவின் பக்னெல், லாஃபயெட் போன்றவற்றைப் பாருங்கள். லூயிஸ்பர்க் என்ற சிற்றூரில் ஆற்றங்கரையில் இருக்கிறது பக்னெல்.

கற்பிக்கும் முறையையும் விசாரியுங்கள். வில்லியம்ஸின் டுட்டோரியல் வகுப்பில் இரண்டே மாணவர்கள், ஒரு பேராசிரியர். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வாசிக்க, மற்றவர் அதை விமர்சிப்பார். அடுத்த வாரம் மாறும். கூச்ச சுபாவமுள்ள, ஆனால் ஆழமாகப் படிக்கும் பிள்ளைகள் பலர் இங்கே வாய் திறக்கிறார்கள். கிரின்னெலிலும் ஹாமில்டனிலும் கட்டாயப் பாடங்கள் மிகக் குறைவு. தானே திட்டம் போடத் தெரிந்த பிள்ளைக்கு அது வரம்.

படி 5: கல்லூரி நான்காண்டும் நடக்குமா?

பலர் தவறவிடும் படி இது. வெளியில் நேரம் கழிக்க விரும்பும் பிள்ளைகளுக்காகவே பேர் பெற்ற இரண்டு கல்லூரிகள் இன்று இல்லை. சுற்றுச்சூழல் படிப்புக்குப் புகழ்பெற்ற வெர்மான்ட்டின் கிரீன் மவுன்டன் காலேஜ் 2019-இல் மூடப்பட்டது. விஸ்கான்சினில் சுப்பீரியர் ஏரிக்கரை ஊரில் இருந்த நார்த்லேண்ட் காலேஜ் 2025 மே மாதத்தோடு முடிந்தது. நியூயார்க்கில் 1868 முதல் நடந்த வெல்ஸ் காலேஜ், மூடப்போவதாக அறிவித்தது 2024 ஏப்ரல் கடைசியில். அந்தப் பருவத்தோடு கதவடைத்தது. மாணவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில வாரங்கள். வேறு கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளும், ஆனால் முடித்த பாடங்கள் எல்லாமே கணக்கில் ஏறாது, உதவித்தொகையும் மாறும்.

பார்க்கும் முறை எளிது. கல்லூரி சேர்த்து முதலீடு செய்து வைத்திருக்கும் மூலதன நிதியை (எண்டௌமென்ட்) மாணவர் எண்ணிக்கையால் வகுங்கள். 100 கோடி டாலர், 2,000 மாணவர் என்றால் தலைக்கு 5 லட்சம் டாலர். ஆண்டுக்கு அதில் 5 சதவீதம் செலவழித்தால் ஒவ்வொரு மாணவருக்கும் 25,000 டாலர் கூடுதலாக வருகிறது. வேன், காடு, ஆய்வகம், உதவித்தொகை எல்லாம் அதிலிருந்துதான். 3 கோடி டாலர், 600 மாணவர் என்றால் தலைக்கு 50,000 டாலர்; ஆண்டுக்கு வருவது 2,500 டாலர்தான். அந்தக் கல்லூரி முழுக்கக் கட்டணத்தை நம்பி நடக்கிறது. ஒரே ஆண்டு சேர்க்கை விழுந்தாலும் ஆட்டம் காணும்.

இன்னும் நான்கு இடங்களில் பாருங்கள். கடந்த ஐந்தாண்டு முதலாண்டுச் சேர்க்கை எண்ணிக்கை. முதலாண்டு முடித்துத் திரும்பி வந்தவர்கள் சதவீதம்: 90-க்கு மேல் என்றால் நிம்மதி, 75-க்குக் கீழே என்றால் காரணம் கேளுங்கள். மத்தியக் கல்வித் துறை வெளியிடும் நிதிப் பொறுப்பு மதிப்பெண்: 3 அதிகபட்சம், 1.5 தேர்ச்சி, அது பழைய கணக்கு என்பதால் நல்ல மதிப்பெண் மட்டும் போதாது. அங்கீகார அமைப்பு எச்சரிக்கையோ நன்னடத்தைக் கண்காணிப்போ விதித்திருக்கிறதா என்பது அந்த அமைப்பின் தளத்திலேயே இருக்கும். சிறியது என்பதாலேயே பயப்படத் தேவையில்லை. சேர்க்கை சரிந்துகொண்டே போகும்போது துறைகளை மூடிக்கொண்டு புதுக் கட்டடத்துக்குக் கடன் வாங்கும் கல்லூரிதான் பயப்பட வேண்டியது.

படி 6: உங்கள் வீட்டுக் கணக்கு

முழுக் கட்டணம் முன்னணிக் கல்லூரிகளில் விடுதியும் சாப்பாடும் சேர்த்து ஆண்டுக்கு 85,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதைப் பார்த்ததும் பட்டியலை மூடிவிடாதீர்கள். உதவித்தொகை போக உங்கள் குடும்பம் கட்ட வேண்டியதைக் கணக்கிட்டுச் சொல்லும் நிகரச் செலவுக் கணிப்பானை ஒவ்வொரு கல்லூரியும் 2011 முதல் தன் தளத்தில் வைத்திருப்பது சட்டக் கட்டாயம். வருமான வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கல்லூரிக்கு இருபது நிமிடம் ஒதுக்கி நிரப்புங்கள். சொந்தத் தொழிலோ வாடகை வீடோ இருந்தால் கணிப்பான் தவறும். அப்போது நிதியுதவி அலுவலகத்துக்கே எழுதி முன்மதிப்பீடு கேளுங்கள்.

இரண்டு வகைக் கல்லூரிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். வில்லியம்ஸ், போடின், மிடில்பரி, ஹாமில்டன் போன்றவை தேவை பார்த்து மட்டுமே பணம் தருகின்றன, மதிப்பெண்ணுக்குத் தருவதில்லை. கணவன் மனைவி இருவரும் ஐ.டி.யில் இருக்கும் குடும்பத்துக்கு இங்கே பெரிதாக எதுவும் கிடைக்காமல் போகலாம். விட்மன், செயின்ட் லாரன்ஸ், கிரின்னெல், சிவானி, கென்யன் போன்றவை படிப்புத் திறனுக்கும் தருகின்றன. எவ்வளவு என்று அறிய, கல்லூரிகள் வெளியிடும் புள்ளிவிவர ஆவணமான 'காமன் டேட்டா செட்' என்று கல்லூரிப் பெயரோடு தேடி, எச்2ஏ பிரிவைப் பாருங்கள்: நிதித் தேவை இல்லாத மாணவர்களில் எத்தனை பேருக்கு, சராசரியாக எத்தனை டாலர் என்று இருக்கும். அதே ஆவணத்தின் சி7 பிரிவு, மாணவர் காட்டும் ஆர்வத்தைக் கல்லூரி கணக்கில் எடுக்கிறதா என்று சொல்லும். எடுக்கிறது என்றால் மின்னஞ்சலைத் திறந்து படிப்பது, இணையச் சந்திப்பில் கலந்துகொள்வது எல்லாம் பதிவாகும்.

படிவம் இரண்டு. மத்திய அரசின் நிதியுதவிப் படிவமான ஃபாஃப்சா எல்லா இடத்துக்கும், சி.எஸ்.எஸ். புரொஃபைல் பல தனியார் கல்லூரிகளுக்குக் கூடுதலாக. வழக்கமாக இரண்டும் அக்டோபர் 1 அன்று திறக்கும். பின்னதில் குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் சில கல்லூரிகள் கணக்கில் எடுக்கும். ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் மனை, அடுக்குமாடி வீடு, வைப்புத்தொகை இவையும் சொத்துதான். மறைக்காமல் காட்ட வேண்டும்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்போரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். மத்திய அரசின் உதவி அவர்களுக்குக் கிடையாது. ஐந்து வயதிலிருந்து இங்கேயே படித்திருந்தாலும் பல கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவராகவே வைத்துப் பார்க்கும். அந்த வரிசையில் நிதியுதவி கேட்பதே சேர்க்கை வாய்ப்பைக் குறைக்கலாம். ஆமர்ஸ்ட், போடின் போன்ற சில கல்லூரிகள்தான் வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பாராமல் சேர்க்கின்றன. "அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் எச்-4 மாணவரை எந்த வரிசையில் வைக்கிறீர்கள்?" என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சல் எழுதி, பதிலைச் சேமித்து வையுங்கள். எச்-4 விசாவில் கேம்பஸ் வேலை பார்க்க முடியாது. 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும். கிரீன் கார்டு அதற்குள் வராது என்றால் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறும் விண்ணப்பத்தை எப்போது போடுவது என்று வழக்கறிஞரிடம் முதலாண்டிலேயே பேசுங்கள்.

படி 7: போய்ப் பாருங்கள், நல்ல நாளில் அல்ல

அக்டோபரில் நியூ இங்கிலாந்து எல்லோருக்கும் பிடிக்கும். பிப்ரவரியில் போங்கள், முடியாவிட்டால் பனி உருகி எங்கும் சேறாக இருக்கும் ஏப்ரல் தொடக்கத்தில். வகுப்பு நடக்கும் வியாழன், வெள்ளி நல்லது. சேர்க்கை அலுவலகம் கல்லூரியைச் சுற்றிக் காட்டி முடித்ததும் கிளம்பிவிடாமல் பிள்ளையைத் தனியே விடுங்கள்: ஒரு வகுப்பில் உட்காரட்டும், அவுட்டிங் கிளப்பின் பொருளறைக்குப் போகட்டும். பதிவேட்டில் கடந்த வாரப் பயணங்களுக்குக் கையெழுத்து இருக்கிறதா, கூடாரங்கள் ஒழுங்காக மடித்து எண் போடப்பட்டிருக்கின்றனவா, தூக்கப்பைகள் உலரத் தொங்குகின்றனவா? ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அந்தக் கிளப் உயிரோடு இருக்கிறதா என்று.

நீங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் மதியம் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சைவப் பிள்ளை என்றால் பருப்பு, பயறு, டோஃபு தினமும் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்தாவும் சாலடும் மட்டும் நான்காண்டுக்குப் போதாது. ரைஸ் குக்கரை விடுதி அறையில் வைக்கப் பல இடங்களில் அனுமதி இல்லை. மாடிக்கொரு பொதுச் சமையலறை உண்டா, அது சுத்தமாக இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். தெற்காசிய மாணவர் அமைப்பில் இப்போது எத்தனை பேர் என்று கேளுங்கள். மொத்தம் இரண்டாயிரம் பேர் உள்ள இடத்தில், அதிலும் மூன்றில் ஒரு பங்கு விளையாட்டு அணிகளில் இருக்கும்போது, ஒத்த மனமுள்ள பத்துப் பேர் கிடைப்பது பெரிய விஷயம். மனநல ஆலோசகரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், இரவில் அவசரமென்றால் எந்த மருத்துவமனை, எத்தனை மைல் என்பதும் அன்றே தெரிந்துகொள்ள வேண்டியவை.

வடகிழக்கில் உண்ணி மூலம் லைம் நோய் பரவுகிறது. புல்வெளியில் நடந்து திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் மூன்றையும் தடவிப் பார்க்கும் பழக்கத்தை அந்தப் பயணத்திலேயே பிள்ளைக்குத் தொடங்கி வையுங்கள். நவம்பரில் மான் வேட்டைக் காலம். காட்டுக்குள் போகும்போது பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கி வேண்டும்.

படி 8: விண்ணப்பம்

பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில் அதிகபட்சம் 20 கல்லூரி; எட்டு முதல் பத்து போதும். செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள். "இயற்கை பிடிக்கும்" என்று எழுதி வீணாக்க வேண்டாம். எத்தனை வாரம், எந்தப் பாதை, என்ன பொறுப்பு: பூங்காவில் பாதை சீரமைத்தது, பறவைக் கணக்கெடுப்பில் பதிவு செய்தது, தம்பி தங்கைகள் அடங்கிய குழுவை வழிநடத்தியது. கல்லூரிக்கான தனிக் கட்டுரையில் மலையின் பெயரை மட்டும் போட்டால் எல்லோரும் எழுதும் கட்டுரை ஆகிவிடும். நான்காம் படியில் நீங்கள் எண்ணிய அட்டவணையிலிருந்து ஒரு பாடத்தையும், அதற்காகப் பயன்படும் ஒரு காட்டையோ கடற்கரையையோ சேர்த்து எழுதட்டும்.

முன்கூட்டிய முடிவு (ஏர்லி டிசிஷன்) விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நவம்பர் 1 அல்லது 15. இரண்டாம் சுற்று ஜனவரித் தொடக்கம். கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். இதில் வாய்ப்பு கூடுதலாகத் தெரியும். ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் பயிற்சியாளர்கள் முன்னரே தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களும் அடக்கம் என்பதால் பார்க்கும் அளவுக்குப் பெரிய சலுகை அல்ல. கணிப்பானின் தொகை உங்களால் கட்ட முடிகிற தொகையாக இருந்தால் போடுங்கள். மதிப்பெண் உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பம் இதில் இறங்கக் கூடாது.

முடிவுகள் ஏப்ரல் 1-க்குள் வந்துவிடும், மே 1-க்குள் முன்பணம் கட்ட வேண்டும். வேறொரு கல்லூரி அதிக உதவித்தொகை தந்திருந்தால் அந்தக் கடிதத்தை இணைத்து மறுபரிசீலனை கேளுங்கள். ஏப்ரல் முதல் வாரமே கேட்டால் பணம் இருக்கும். பணம் கட்டியதும் முதல் வேலை, வகுப்பு தொடங்குமுன் நடக்கும் மலைப் பயணத்தில் பெயர் கொடுப்பது. முதல் நண்பர்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறார்கள். சில கல்லூரிகளில் விருப்பப்பட்ட பயணம் பதிவு திறந்த அன்றே நிரம்பிவிடும். தடுப்பூசிப் படிவம் ஜூனில். பருத்தி உள்ளாடைகளுக்குப் பதில் கம்பளி இரண்டு ஜோடி. தடித்த குளிர்க்கோட்டைச் சென்னையிலிருந்தோ இணையத்திலிருந்தோ முன்னரே வாங்க வேண்டாம், அக்டோபரில் அந்த ஊரிலேயே எது வேண்டுமென்று தெரியும். நடைக் காலணியை மட்டும் ஜூலையிலேயே வாங்கி, வீட்டருகே ஐம்பது மைலாவது நடந்து பழக்கிவிடுங்கள். புதுக் காலணியோடு ஐந்து நாள் பயணம் போன பிள்ளை இரண்டாம் நாளே குதிகால் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடும்.